டியூஷனா, சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சியா?

மலேசியாவின் பினாங்கில் நம் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவப் பணம் சேர்த்துவிட்டோம். எதற்குக் கொடுப்பது என்பதில்தான் இழுபறி.

செலவு:
டியூஷனுக்கு மாதாமாதம் வெள்ளி (ரிங்கிட்) வேண்டும்.
பயிற்சிக் கட்டணம் மொத்தமாக ஒருமுறை.

பலன்:
டியூஷனுக்கு எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) வரை பொறுமை தேவை.
உரிமம் பெற்ற வழிகாட்டிக்குச் சீக்கிரமே வருமானம். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுன் 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். 1833-இல் எழுந்த குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் கோபுரத்தடியில் நம் பிள்ளை கதை சொன்னால் பயணிகள் நின்று கேட்பார்கள்; பக்கத்துப் பூக்கடையிலும் இரண்டு முழம் மல்லிகை கூடுதலாக விற்கும். எனக்கு இது ரொம்பப் பிடிக்கிறது.

நிலைப்பு:
2020-இல் எல்லை மூடியதும் சுற்றுலாத் தொழில் படுத்துவிட்டது.
படித்த படிப்பு எங்கும் போகாது.

பள்ளிப் பிள்ளைக்கு டியூஷன். எஸ்.பி.எம். முடித்து வேலை தேடுபவருக்குப் பயிற்சி. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், டியூஷனுக்கே கொடுப்பேன்.