மியூபிரோசின் ஆயின்மென்ட்: நாலைந்து கொப்புளம் என்றால் சரி

எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய்க்கு அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் சீழ்க்கொப்புளங்கள் வந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்தது 2 சதவீத மியூபிரோசின் ஆயின்மென்ட். மனிதர்களுக்கு விற்கும் அதே டியூப்தான். கொப்புளம் உடைந்து காய்ந்த இடங்களில் வட்டவட்டமாகத் தோல் உரிந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் படர்தாமரை என்றார்கள். டாக்டர் கண்ணாடித் துண்டை அதன் மேல் ஒற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, பாக்டீரியாதான் என்றார். படர்தாமரை பூஞ்சையால் வருவது, அதுவாக இருந்தால் இந்த ஆயின்மென்ட் அதற்கான மருந்தே இல்லை. அதனால் கடையில் கேட்டு வாங்குவதற்கு முன் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மருந்தின் வேலையில் எனக்குக் குறையில்லை. நாய்த்தோலில் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தருவது ஸ்டெஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற கிருமி. அது புரதம் தயாரிக்க முடியாதபடி மியூபிரோசின் தடுத்துவிடுகிறது. இந்த மருந்தே வேறொரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்ததுதான். முள்ளை முள்ளால் எடுக்கிற கதை. பிசுபிசுப்பு உண்டு, ஆனால் வாசலின் மாதிரி ஒட்டிக்கொண்டே இருக்காது, தண்ணீர் பட்டால் போய்விடும். புண்ணைச் சுற்றி முடியைக் கத்தரித்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு கையுறை போட்டு மெல்லிசாகப் பூசினால் போதும். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை.

பூசுவது சுலபம், நக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. குறைந்தது பத்து நிமிடமாவது மருந்து தோலில் இருக்க வேண்டும். பூசிய கையோடு சங்கிலியை மாட்டித் தெருவுக்குக் கூட்டிப் போய்விடுவேன். வெளியே இறங்கிவிட்டால் அவனுக்கு வயிறு இருப்பதே மறந்துவிடும். ராத்திரிக்குக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. அதை மாட்டிக்கொண்டு அவன் இடிக்காத கதவு, உருட்டாத குடம் வீட்டில் இல்லை.

மெடிக்கலில் இருந்தவர் வேறொரு டியூபை நீட்டினார். "நாய்க்குத்தானே, இது சீக்கிரம் கேக்கும்" என்றார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த களிம்பு. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் சட்டென்று அமுக்கிவிடும். ஆறிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது அடியில் கிருமி அப்படியே இருக்கலாம். தொடர்ந்து பூசினால் தோலும் மெலிந்துபோகும். நக்கினால் அது வயிற்றுக்குள்ளும் போகும். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் முதுகிலும் கொப்புளம் கிளம்பியது. அத்தனை இடத்துக்கும் ஆயின்மென்ட் பூசக் கட்டுப்படியாகாது, அடர்ந்த முடிக்குள் பூசவும் வராது. டாக்டர் அங்கே குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவுக்கு மாற்றினார். நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். ராஜபாளையம் நாயைப் பத்து நிமிடம் நுரையோடு நிறுத்திவைக்க வீட்டில் இரண்டு பேர் தேவை. கூடவே தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து கொடுத்தார். கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்துதான் கிருமி இறங்கியதாம். தெள்ளு போகாமல் எந்தக் களிம்பும் நிற்காது என்றார்.

மீதி டியூபை அடுத்த சிராய்ப்புக்கு எடுத்து வைக்க நினைத்தேன், டாக்டர் தடுத்தார். மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் மனிதர்களின் மூக்கில் குடியிருந்தால் அதை விரட்டவும் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். கண்டதற்கெல்லாம் பூசினால் கிருமி இதற்கும் பழகிவிடும். நாலைந்து கொப்புளத்துக்கு 5 கிராம் டியூபே தாராளம். பெரிய டியூப் வாங்க வேண்டாம்.