‘டேக்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள்: ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி

கற்பவர்களுக்கான ஓர் ஆங்கில அகராதியை எடைபோட ‘டேக்’ (take) என்ற ஒரு வினையே போதும். ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி இதில் நன்றாகவே தேறுகிறது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து தொகுத்து, 1942இல் டோக்கியோவில் வெளிவந்த நூல்தான் இதற்கு மூலம். பத்தாம் பதிப்பு 2020இல் வந்தது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் எங்கே இடறுவார் என்று தெரிந்தவர்களின் கைவண்ணம் இன்றும் அதில் தெரிகிறது.

‘டேக்’ சொல்லுக்கு நாற்பதை ஒட்டிய பொருள்கள். முதல் எண்ணிலிருந்து வரிசையாகப் படித்தால் பத்தாவதிலேயே அலுத்துவிடும். கொண்டுபோதல், அகற்றுதல், புகைப்படம் என்று பொருள்களின் தலையில் குறுந்தலைப்புகள் உண்டு. முதலில் அவற்றை மட்டும் மேய்ந்துவிட்டு, வேண்டிய இடத்தில் நில்லுங்கள். ‘இட் டேக்ஸ் டூ அவர்ஸ்’ என்பதற்கு நாம் ‘ரெண்டு மணி நேரம் பிடிக்கும்’ என்போம். அங்கே ‘எடுக்கும்’ என்று எழுதுகிறவர்கள் ‘டேக் என்றால் எடு’ என்று மனப்பாடம் செய்தவர்கள்.

‘ஆஃப்’, ‘ஆஃப்டர்’ போன்ற துணைச்சொல் சேர்ந்த வினைகள் கடைசியில் தனிப் பகுதியாக, துணைச்சொல்லின் அகர வரிசையில் வருகின்றன. ‘டேக் ஆஃப்’ பார்க்கும்போது செயப்படுபொருள் உண்டா என்பதைக் கவனியுங்கள். இல்லையென்றால் விமானம் கிளம்புகிறது, அல்லது ஒரு தொழில் சூடுபிடிக்கிறது. செயப்படுபொருளாக ஏதாவது இருந்தால் சட்டையைக் கழற்றுகிறோம், ஒரு நாள் விடுப்பு எடுக்கிறோம். ஆள் இருந்தால் அவரைப் போலவே பேசிக் காட்டுகிறோம்.

அச்சுப் பதிப்பில் இருபக்க அம்புக்குறி ஒன்று இருக்கும். இந்த அகராதியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’, ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ இரண்டும் சரி என்பதே அதன் பொருள். ஆனால் ‘இட்’, ‘தெம்’ வந்தால் நடுவில்தான்: ‘டேக் தெம் ஆஃப்’. ‘டேக் ஆஃப் தெம்’ தவறு. பெற்றோரைப் போல இருத்தலைச் சொல்லும் ‘டேக் ஆஃப்டர்’ சொல்லுக்கு அம்புக்குறி கிடையாது, ஆகவே பிரிக்கவே கூடாது. அதைச் செயப்பாட்டு வினையாக்க முடியாது என்ற குறிப்பும் பக்கத்திலேயே உண்டு.

குறைகளும் உண்டு. மரபுத்தொடர்களில் பெரும்பாலானவற்றை ‘டேக்’ கீழ் தேடி ஏமாறுவீர்கள். ‘டேக் த பிஸ்கட்’ வேண்டுமென்றால் ‘பிஸ்கட்’ பக்கத்துக்குப் போக வேண்டும். விளக்கங்கள் முழுக்க ஆங்கிலத்தில் என்பதால், தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இதை மட்டும் வாங்கித் தருவது வீண். பக்கத்தில் ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றும் வேண்டும்.

இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். புத்தகமாக வேண்டுமென்றால் பழைய பதிப்பே போதும், இந்த வினைகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. சிறிய பதிப்பு எதையாவது கடைக்காரர் நீட்டினால், காசு கொடுக்கும் முன் ‘டேக் ஆஃப்’ பக்கத்தில் அந்த அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.