டெக்சஸ் ஹோல்டெம் பழக ஒரு சிப் பெட்டி: சாமான் தரம், விதித்தாள் அரைகுறை

பந்தயத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் 300 சிப்புகள், இரண்டு பிளாஸ்டிக் சீட்டுக்கட்டுகள், சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் ஒரு டீலர் பட்டன், ஒரு விதித்தாள் ஆகியவை அடங்கிய அலுமினியப் பெட்டி இது. ரம்மி மட்டுமே ஆடிப் பழகிய எங்கள் வீட்டார் ஆறு பேர், காசு வைக்காமல் டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் ஆட்டத்தைக் கற்றுக்கொள்வதற்காக வாங்கினோம்.

சிப்புகளில் குறை சொல்ல அதிகமில்லை. ஒவ்வொன்றும் 11.5 கிராம் எடை. உள்ளே உலோகத் தகடு இருப்பதால் உயரமாக அடுக்கினாலும் சரிவதில்லை. வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100 என்று மதிப்பு அச்சிடப்பட்டுள்ளது. ஒருவருக்கு வெள்ளை 15, சிவப்பு 12, பச்சை 5 எனப் பிரித்தால் ஆளுக்கு 200 வரும். சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் பந்தயங்களான பிளைண்டுகளில் சிறியதை 1, பெரியதை 2 என்று வைத்து நிதானமாக ஆட இது போதும். 50 கறுப்புச் சிப்புகள் மட்டும் பெட்டியை விட்டு வெளியே வருவதற்கு வேலையே இல்லை; அந்த இடத்தில் வெள்ளையைக் கூட்டியிருக்கலாம்.

சீட்டுகள் பிளாஸ்டிக்காக இருப்பது ஆடம்பரம் அன்று. இந்த ஆட்டத்தில் கையில் வரும் இரண்டு சீட்டுகளையும் மேசையை விட்டுத் தூக்காமல், ஓரத்தை மட்டும் வளைத்துப் பார்ப்பது வழக்கம் என்பதால், காகிதச் சீட்டாக இருந்தால் சில நாட்களிலேயே மூலை மடிந்து, முதுகைப் பார்த்தே ஏஸ் எது என்று சொல்லிவிடலாம்.

விதித்தாளுக்குத்தான் நான் மதிப்பெண் குறைக்கிறேன். ஆட்டத்தின் வரிசையை அது சரியாகவே சொல்கிறது: ஆளுக்கு இரண்டு மறைவுச் சீட்டு, ஒரு பந்தயச் சுற்று, பிறகு ஃப்ளாப் என மூன்று பொதுச் சீட்டுகள், டர்ன் என ஒன்று, ரிவர் என ஒன்று, ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு சுற்று, முடிவில் ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்து. ஆனால் புதியவர்கள் சண்டை போடும் இடங்கள் அனைத்திலும் அது வாயைத் திறப்பதில்லை.

முதல் சண்டை சம ஜோடியில் வந்தது. பொதுச் சீட்டுகள் ஏஸ், ராஜா, ராணி, 10, 7. ஒருவர் கையில் ஏஸும் 6-ம், மற்றவர் கையில் ஏஸும் 4-ம். ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேரும் ஃப்ளஷ் யாருக்கும் இல்லை. ஆறு பெரிது என்று ஒருவர் சிப்புகளை வாரிக்கொள்ளப் பார்த்தார். ஐந்து சீட்டுகள்தான் கணக்கு என்பதால் இருவர் கையுமே ஏஸ் ஜோடி, ராஜா, ராணி, 10 என்றுதான் முடிகிறது. நடுவில் சேர்ந்த சிப்புகளான ‘பாட்’டைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும்.

அடுத்தது, கையிலுள்ள அனைத்தையும் வைத்துவிடும் ஆல்-இன். ஒருவரிடம் 60, மற்ற இருவரிடம் தலா 200 இருந்து மூவரும் முழுவதையும் வைத்தால், முதலாமவர் போட்டியிடக்கூடியது ஆளுக்கு 60 வீதம் சேரும் 180-க்கு மட்டுமே. மீதி 280 தனிப் பாட்டாக ஒதுக்கப்பட்டு மற்ற இருவருக்குள் முடிவாகும். இதைச் சொல்லாத விதித்தாள் எதற்கு?

ரெய்ஸ், அதாவது பந்தயத்தை ஏற்றுவது, எவ்வளவு செய்யலாம் என்பதும் விடுபட்டுள்ளது. வரம்பில்லா ஆட்டத்தில் மேல்வரம்புதான் கிடையாது, கீழ்வரம்பு உண்டு: ஒருவர் 10 வைக்க, அடுத்தவர் அதை 30 ஆக்கினால், ஏற்றம் 20, அதற்கு மேல் ஏற்ற விரும்புபவர், கையில் சிப்பு இருக்கும்வரை, குறைந்தது 50 ஆக்க வேண்டும். இருவர் மட்டும் மிஞ்சும்போது பட்டன் வைத்திருப்பவரே சிறிய பிளைண்டைக் கட்டி, முதல் சுற்றில் முதலிலும் பிந்தைய சுற்றுகளில் கடைசியிலும் ஆட வேண்டும் என்பதும் அதில் இல்லை.

தாளின் பின்பக்கத்திலுள்ள தரவரிசை அட்டவணை மட்டும் பிழையின்றி, பெரிய எழுத்தில் இருக்கிறது. வரிசை சேர்ப்பதே பெரிய வேலை என்று எண்ணும் ரம்மிக்காரர்களுக்கு, ஒரே இனத்து ஐந்து சீட்டுகளான ஃப்ளஷ், வரிசையான ஸ்ட்ரெய்ட்டை வெல்வது உறுத்தும். ஐந்து சீட்டுக் கைகள் மொத்தம் 25,98,960. அவற்றில் ஸ்ட்ரெய்ட் 10,200, ஃப்ளஷ் 5,108. அரிதானது மேலே. இந்த ஒரு வரியையும் சேர்த்து அச்சிட்டிருந்தால் எங்கள் பெரியப்பா அரை மணி நேரம் வாதாடியிருக்க மாட்டார்.

சிப்புகளுக்காகவும் சீட்டுகளுக்காகவும் இந்தப் பெட்டியைத் தாராளமாக வாங்கலாம். விதி தெரிந்த ஒருவரை முதல் நாள் மட்டும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.