மலேசியா சுங்கை சிப்புட் வியாழக்கிழமை ப்ரிட்ஜ் சீட்டாட்ட கிளப், எட்டு மாசம் போய்ப் பார்த்துட்டு எழுதுறேன்

கிளப் பேர நான் போடல, ஏன்னா இருக்கறதே அஞ்சு மேசை, செயலாளர் அங்கிள் "எழுதுறது சரி தம்பி, பேர மட்டும் போட்டுறாத, கூட்டம் வந்தா நாற்காலிக்கு நான் எங்க போவேன்"ன்னு கேட்டுக்கிட்டாரு. சுங்கை சிப்புட்காரங்களுக்கு பழைய தோட்ட கிளப் கட்டடம், வாசல்ல தூங்குமூஞ்சி மரம்னு சொன்னாலே போதும். வெளியூர்க்காரங்க ஈப்போவுல இருந்து அரை மணி நேரத்துல வந்துரலாம்.

நான் தீபாவளிக்கு தீபாவளி ரம்மி ஆடி சித்தப்பாங்க பாக்கெட்ட காலி பண்ற ஆளு, அதனால சீட்டு விஷயத்துல எனக்கு தெரியாதது என்ன இருக்குங்கற நெனப்புலதான் போனேன். என் மச்சானும் நானும் ஒரே செம்பனை மில்லுல வேலை, அவன்தான் பேஸ்புக்குல பார்த்துட்டு வா மச்சான் போலாம்னு இழுத்தான். வீட்டுல சீட்டாட போறேன்னு சொன்னதும் சம்சாரம் ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க. அப்பறம் உக்கார வச்சு, இதுல காசு கெடையாது, 2018ல ஜகார்த்தாவுல நடந்த ஆசிய விளையாட்டுலயே இத சேர்த்துட்டாங்க, இந்தியாவுக்கு ஆண்கள் ஜோடி பிரிவுல தங்கம், ஜெயிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வயசு 60, இந்தோனேசியாவுல பெரிய பணக்காரர் ஒருத்தரு 78 வயசுல வெண்கலம் வாங்கிட்டு போனாரு, எனக்கு இன்னும் டைம் இருக்குன்னு எல்லாம் விளக்கினேன். சரி போ, பத்தரைக்குள்ள வீட்டுக்கு வந்துரணும்னு பர்மிஷன் கெடச்சது. பத்தரைக்குள்ள வந்ததில்ல, அது வேற கதை.

சேர்ற முறை என்னன்னா, சனிக்கிழமை சாயங்காலம் நாலுல இருந்து ஆறு வரைக்கும் வகுப்பு, பத்து வாரம், 150 வெள்ளி, ஒரு போட்டோஸ்டாட் புத்தகமும் தர்றாங்க. அது முடிச்சா வியாழக்கிழமை ராத்திரி ஏழரைக்கு நடக்குற ஆட்டத்துல சேரலாம், ஒரு தடவைக்கு எட்டு வெள்ளி, தே தாரேயும் கறிபாப்பும் அதுலயே அடக்கம். கறிபாப் பத்தி தனியாவே ஒரு ரிவியூ எழுதலாம், லேட்டா போனா கெடைக்காது, அவ்வளவுதான் இப்போதைக்கு.

வகுப்பு எப்படின்னா சுமார்தான், மறைக்க ஒன்னும் இல்ல. முதல் நாள்ல முக்கா மணி நேரம் 1925ல வேண்டர்பில்ட்டுன்னு ஒரு அமெரிக்கப் பணக்காரர் கப்பல்ல போகும்போது பொழுது போகாம இப்ப ஆடுற காண்ட்ராக்ட் ப்ரிட்ஜுக்கு கணக்கு போட்ட கதையே ஓடுச்சு. கதை நல்ல கதைதான், ஆனா நான் வந்தது ஆட. ரெண்டாவது வாரம்தான் பாயிண்ட்டு எண்ண சொல்லிக் குடுத்தாங்க, ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1, மொத்த கட்டுலயும் 40, நீங்களும் எதிர்ல உக்கார்ற பார்ட்னரும் சேர்ந்து 25 வச்சிருந்தா கேம், அதாவது போனஸ் கெடைக்கிற பெரிய ஏலம் வரைக்கும் தைரியமா கேக்கலாம். ஒரு சுத்துக்கு ஆளுக்கொரு சீட்டு போட்டு, ஜெயிச்ச சீட்டுக்காரர் எடுக்குறதுதான் ஒரு பிடி. ஆளுக்கு 13 சீட்டு, அப்ப 13 பிடி. முதல் ஆறு பிடி கணக்குல வராது, அதுக்கு மேல எத்தன எடுப்பேன், எது துருப்புன்னு ஏலம் கேக்குறதுதான் பிட்டிங். நோ ட்ரம்ப், அதாவது துருப்பே இல்லாம மூணுன்னு கேட்டா ஒம்போது பிடி எடுத்தே ஆகணும். இதெல்லாம் நாலே வாரத்துல சொல்லிரலாம், பத்து வாரம் தேவையில்ல, அதுலயும் இங்லீஷ்ல வேகமா போறாங்க, தோட்டத்துல இருந்து வந்த ரெண்டு அக்காங்க மூணாவது வாரமே நின்னுட்டாங்க. பக்கத்துல யாராச்சும் ஒருத்தர் தமிழ்ல சொல்லிட்டே இருந்திருந்தா நின்னிருக்க மாட்டாங்க. செயலாளர்கிட்ட நேர்லயும் சொல்லியாச்சு.

அப்ப எதுக்கு எட்டு மாசமா போறேன்னா வியாழக்கிழமைக்காக. உண்மையா கத்துக் குடுக்குறது வகுப்பு இல்ல, ஆட்டம் முடிஞ்ச பிறகு நடக்குற அந்த அரை மணி நேரம்தான்.

ரம்மிக்காரங்களுக்கு இது புதுசா இருக்கும், கொஞ்சம் விவரமாவே சொல்றேன். ரம்மியில சீட்டு வரலன்னா விதின்னு சொல்லி தப்பிச்சிரலாம். இங்க சீட்ட நாலு பொந்து இருக்குற ஒரு சின்ன தட்டுல வைக்கறாங்க, அதுக்கு போர்டுன்னு பேரு. நம்ம ஆடி முடிச்சதும் அதே சீட்டு அப்படியே அடுத்த மேசைக்கு போவுது, அங்க வேற நாலு பேர் அதே கைய ஆடுறாங்க. அதனால சீட்ட நடுவுல வீசக்கூடாது, அவங்கவங்க முன்னாடி வரிசையா கவுத்து வைக்கணும், ஜெயிச்ச பிடிய நேரா, தோத்தத படுக்கையா. நான் முதல் வாரம் பழக்க தோஷத்துல எல்லாத்தையும் வாரி எடுத்து ஒன்னா குலுக்கிட்டேன், அந்த போர்டே பாழாப் போச்சு, அடுத்த மேசை சீனத்து ஆண்ட்டி என்ன பார்த்து சிரிச்ச சிரிப்ப இன்னும் மறக்கல.

அஞ்சு மேசை, 25 போர்டு. ஒவ்வொரு போர்டயும் நம்ம மாதிரியே அதே சீட்ட வச்சி ஆடின மத்த நாலு ஜோடியோட ஒப்பிட்டு மார்க்கு, எத்தன ஜோடிய முந்துனீங்களோ அத்தன மார்க்கு, அதிகபட்சம் நாலு. சீட்டு மோசம்னு சாக்கு சொல்ல வழியே இல்ல, மோசமான சீட்டுதான் எல்லாருக்கும்.

எங்க மூணாவது வியாழன், நான் மூணு நோ ட்ரம்ப் ஆடுறேன். மச்சான் டம்மி, அதாவது அவன் சீட்டு எல்லாத்தையும் மேசையில பரப்பிட்டு வாய தொறக்காம உக்காந்திருக்கணும். இடது கைப்பக்கத்து ஆள் ஆட்டின் எறக்குறாரு. என்கிட்ட ஆட்டின் ஏஸும் ரெண்டு சின்ன சீட்டும், டம்மியில வெறும் ரெண்டு சின்னது. நான் என்ன பண்ணேன், ஏஸ்தான் இருக்கேன்னு டக்குன்னு போட்டு எடுத்துட்டேன். ரம்மிக்காரன் கை, கெடச்சா எடுத்துரும். அப்பறம் டைமன்ல ஒரு ஃபினஸ் போட்டேன், அதாவது ராஜா இடது பக்கம் இருக்கும்னு நம்பி அதவிட சின்ன சீட்டாலயே பிடி எடுக்கப் பார்க்குறது, பாதிக்குப் பாதி வாய்ப்பு, ராஜா வலது பக்கத்துல இருந்துச்சு, தோத்துட்டேன். அந்த ஆளு ராஜாவால பிடிச்சு ஆட்டின திருப்பி எறக்கினாரு, இடது பக்கத்து ஆளு வரிசையா நாலு ஆட்டின் எடுத்தாரு, எனக்கு எட்டு பிடிதான், ஒன்னு கொறைஞ்சி போச்சு. சரி, ஃபினஸ் போச்சு, அதிர்ஷ்டம் இல்லன்னு மச்சான்கிட்ட சொல்லிட்டு அடுத்த போர்டுக்கு போயிட்டேன்.

ராத்திரி ரிசல்ட்டு தாள் வந்தா அந்த போர்டுல மத்த நாலு மேசையும் 400, 430ன்னு பிளஸ், எங்களுக்கு மட்டும் மைனஸ் 50. நாலு மேசையிலயும் அதே ஃபினஸ், அதே மாதிரி தோத்திருக்கு, ஆனா ஆட்டத்த ஜெயிச்சிருக்காங்க! எனக்கு ஒன்னும் புரியல.

அங்கதான் வாத்தியார் வந்தாரு. ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியார், மேசை மேசையா போய் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருவாரு. "ஏஸ ஏன் முதல்லயே போட்டே?" அவ்வளவுதான் கேட்டாரு. இருந்துச்சு போட்டேன் சார்னு சொன்னேன். அவரு சிரிக்கல, திட்டல, அந்த சீட்ட மறுபடியும் மேசையில பரப்பி, ரெண்டு தடவ விட்டுக்குடு, மூணாவது தடவ ஏஸ போடுன்னாரு. போட்டுப் பார்த்தா வலது பக்கத்து ஆள்கிட்ட ஆட்டினே தீர்ந்து போச்சு, இப்ப அவன் டைமன் ராஜாவால பிடிச்சாலும் திருப்பி எறக்க ஆட்டின் இல்ல, இடது பக்கத்து ஆளு ரெண்டு ஆட்டின கையில புடிச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான். எத்தன தடவ விட்டுக்குடுக்கணும்னு எப்படி சார் தெரியும்னு கேட்டேன். ஏழுல இருந்து உன் கையிலயும் டம்மியிலயும் சேர்த்து அந்த இனத்துல எத்தன சீட்டு இருக்கோ அத கழின்னாரு. அஞ்சு சீட்டு, ஏழுல அஞ்சு போனா ரெண்டு. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, சீட்டாட்டத்துல முதல் தடவையா என் தப்புன்னு எனக்கே தெரிஞ்சது.

இந்த அரை மணி நேரத்துக்குத்தான் எட்டு வெள்ளி. பத்து வார வகுப்புல இந்த ஏழு கணக்கு ஒரு பக்கத்துல இருந்துச்சு, நான் படிச்சும் இருக்கேன், மண்டையில ஏறல. அடி வாங்கின அன்னைக்கே சொன்னாதான் ஏறுது. வாத்தியார் குடுத்த இன்னொரு பயிற்சி, எல்லா சீட்டையும் எண்ண முயற்சி பண்ணாத, முதல் மாசம் துருப்ப மட்டும் எண்ணு, எத்தன வெளிய இருக்கு எத்தன விழுந்துச்சு, அது பழகின பிறகு இன்னொரு இனம். எளிய விஷயம்தான், ஆனா மூணு மாசம் புடிச்சது.

இப்ப குறைகள். பெரிய குறை சிஸ்டம், அதாவது ஏலத்துல எதக் கேட்டா கையில என்ன இருக்குன்னு அர்த்தம்ங்கற முறை. கிளப்புல வயசானவங்க எல்லாம் ஆக்கோல், அது லண்டன்ல ஒரு தெரு பேர வச்சி 1930கள்ல வந்த பழைய இங்கிலீஷ் முறை, துரைங்க விட்டுட்டு போனதோட சேர்த்து இதுவும் இங்கயே தங்கிருச்சு. அதுல ஒரு நோ ட்ரம்ப்னா 12ல இருந்து 14 பாயிண்ட்டு. ஈப்போ பக்கம் இருந்து வர்ற இளசுங்க அமெரிக்கன் முறை, அதே ஒரு நோ ட்ரம்ப் அவங்களுக்கு 15ல இருந்து 17. வகுப்புல நமக்கு ஆக்கோல் சொல்லிக் குடுத்துட்டு வியாழக்கிழமை பார்ட்னர் வரலன்னா யாரோ ஒரு இளசோட உக்கார வச்சிருவாங்க. நான் 13 பாயிண்ட்ட வச்சி ஒரு நோ ட்ரம்ப் கேட்டேன், அந்தப் பையன் எனக்கு 15 இருக்குன்னு நம்பி கையில பத்த வச்சிக்கிட்டு மூணுக்கு தூக்கிட்டான், செம அடி. தப்பு ரெண்டு பேர் மேலயும் இல்ல. கிளப்பே ஒரு முறைய முடிவு பண்ணி புதுசா வர்றவங்களுக்கு ஒரு தாள் அடிச்சி குடுத்தா தீர்ந்துச்சு. எட்டு மாசமா பேசிட்டுதான் இருக்காங்க.

அடுத்தது ரெண்டு மூணு பழைய ஜோடிங்க பார்ட்னர மேசையிலயே வச்சி திட்டுறது. புருசன் பொண்டாட்டி ஜோடி ஒன்னு இருக்கு, பக்கத்து மேசையில உக்காந்தா நமக்கே வயித்த கலக்கும்.

வாய் விஷயத்துல கிளப் ரொம்ப கறார், இத குறையா நான் சொல்லமாட்டேன். ஒரு நாள் எதிர் ஜோடி ஏலம் எடுத்து நாங்க டிஃபென்ஸ் ஆடும்போது மச்சான் நான் போட்ட சீட்ட பார்த்து "ஐயோ"ன்னுட்டான். எதிர்த்த பஞ்சாபி அங்கிள் கைய தூக்கி ஆட்டத்த நடத்துற டைரக்டரக் கூப்புட்டாரு. நாங்க ரெண்டு பேரும் என்னடா இது ஐயோவுக்கு போலீஸான்னு முழிக்கிறோம். டைரக்டர் வந்து பொறுமையா சொன்னாரு, பார்ட்னருக்கு தகவல் சொல்ல ஏலத்துக்கும் சீட்டுக்கும் மட்டும்தான் உரிமை, பெருமூச்சு, ஐயோ, ரொம்ப நேரம் யோசிக்கிறது எதையும் வச்சி பார்ட்னர் முடிவெடுக்கக் கூடாது. அதனாலதான் ஏலமே வாயால இல்ல, பெட்டியில இருக்குற அட்டைய எடுத்து மேசையில வைக்கணும். தமிழ்ல முணுமுணுத்தா யாருக்கு புரியும்னு நெனைக்காதீங்க, அந்த சீனத்து ஆண்ட்டிக்கு என்ன விட நல்லா தமிழ் வருது, தோட்டத்துக் கடையில வளர்ந்தவங்க.

அந்தப் பெட்டியில இருக்குற பச்ச அட்டை பாஸ். அத பார்க்குறப்பல்லாம் எனக்கு தாத்தா ஞாபகம். இந்தக் கட்டடம் துரைங்க கிளப்பா இருந்த காலத்துல தாத்தா இங்க பாய் வேலை, ட்ரே தூக்கினவரு. வீட்டுல பாட்டி இன்னும் கொஞ்சம் சோறு போடவான்னு கேட்டா கைய காட்டி "நோ பிட்"ன்னு சொல்வாரு. நாங்க புள்ளைங்க எல்லாம் அது ஏதோ மலாய் வார்த்தைன்னு நெனச்சி நாங்களும் சொல்லுவோம், எங்க குடும்பத்துல இன்னைக்கும் போதும்னா நோ பிட்தான். வகுப்புல நாலாவது வாரம் வாத்தியார் போற போக்குல, அந்தக் காலத்து இங்கிலீஷ்காரங்க பாஸ்னு சொல்லமாட்டாங்க, நோ பிட்ன்னுதான் சொல்லுவாங்கன்னாரு. நானும் மச்சானும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். எத்தன ராத்திரி அந்த மேசைக்குப் பின்னாடி நின்னு கேட்டிருப்பாரு. ஆட்டம் அவருக்கு புரிஞ்சதா, யாரும் கேக்கல, இப்ப கேக்க அவரும் இல்ல.

போன்ல ஆடலாமே, எதுக்கு கிளப்புன்னு கேக்கறவங்களுக்கு, நானும் ப்ரிட்ஜ் பேஸ் ஆன்லைன்ல ரோபாட்டோட ஆடுறேன், ஏலம் பழக, எண்ணி பழக நல்லது, ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆள் கெடைக்கும். ஆனா ரோபாட் ஏன் ஏஸ முதல்லயே போட்டேன்னு கேக்காது, அடுத்த போர்ட குடுத்துட்டு போயிரும். கிளப்புல முதல் மாசம் நாங்க மொத்த மார்க்குல 38 சதவீதம், இப்ப 50ஐ தாண்டுறோம், போன வாரம் 54, கடைசி ரெண்டு இடத்துலயே குடியிருந்த எங்களுக்கு இது பெருசுதான்.

வசதி பத்தி, ஏர்கோன் இல்ல, காத்தாடிதான், மழை பேஞ்சா ஜிங்க் கூரை சத்தத்துல யார் என்ன சொன்னாலும் கேக்காது, எப்படியும் பேசக்கூடாதே அதனால பரவாயில்ல. கொசுக்கு மருந்து தடவிட்டு வாங்க. காடி நிறுத்த இடம் தாராளம், ஆனா மரத்தடியில மட்டும் வேணாம், பறவைங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், ஒரு ஸ்டார் அந்த சிஸ்டம் குழப்பத்துக்கு போச்சு.

அடுத்த வியாழன் மச்சானுக்கு நைட் ஷிஃப்ட், எனக்கு பார்ட்னர் இல்ல. இத படிக்கிற யாராச்சும் ஃப்ரீயா இருந்தா ஏழே காலுக்கே வந்துருங்க, உக்காரும்போதே உங்க ஒரு நோ ட்ரம்ப் 12ஆ 15ஆன்னு மட்டும் சொல்லிருங்க.