அஸ்தம்பட்டி பார்சல் கடை: கைக்குக் கும்பிடு, குரலோடுதான் சண்டை

ஏற்காட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் காப்பித்தூளும் மிளகும் வெளியூர்களுக்கு அனுப்பத் தொடங்கியிருக்கிறார். "நீங்கள் வழக்கமாகப் போகும் பார்சல் கடை எப்படி? நம்பிக் கொடுக்கலாமா?" என்று போனில் கேட்டார். "கொடுக்கலாம், ஆனால்..." என்று இழுத்தேன். அந்த "ஆனால்" நீளமானது என்பதால் எழுதிவிடுகிறேன். கடையின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

மலையிலிருந்து இறங்கும் பஸ் அடிவாரம், கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டி வழியாகத்தான் சேலத்துக்குள் நுழைகிறது. அதனால் இந்தக் கடைக்கு மலைக்காரர்கள் அதிகம். போடவும் வருவார்கள், எடுக்கவும் வருவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி எஸ்டேட் வாசல்வரை பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க எல்லாக் கூரியர்களும் முன்வருவதில்லை. எனவே பலர் இந்தக் கடையின் முகவரியையே கொடுத்து வாங்குகிறார்கள். முதல் மூன்று நாள் வைத்திருப்பதற்குக் காசு இல்லை. பிறகு நாளுக்கு ஒரு சிறு தொகை. இதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

பார்சல் போடுவதைப் பொறுத்தவரை இந்தக் கடைக்காரரிடம் குறை சொல்ல நாக்கு வராது. மாம்பழக் காலத்தில் அவர் கடையில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். பழுத்த மல்கோவாவை எடுத்துக்கொண்டு போனால் வாங்க மாட்டார். காம்போடு இருக்கும் செங்காயாகக் கேட்பார். பெட்டியின் பக்கவாட்டில் காற்றுக்கு ஓட்டை போடுவார். ஒவ்வொரு காயையும் செய்தித்தாளில் சுற்றி, இடைவெளியை வைக்கோலால் அடைத்து, பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே சத்தம் கேட்டால் மறுபடி பிரிப்பார். வெள்ளிக்கிழமை போனால், "ஞாயிற்றுக்கிழமை குடோனில் வெந்துபோகும், திங்கட்கிழமை வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வருகிற காசை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரி அவர். சென்னையில் இருக்கும் என் தங்கைக்கு இமாம்பசந்த் ஒருமுறைகூட நசுங்கிப் போய்ச் சேர்ந்ததில்லை.

நண்பரே, உமது காப்பி விஷயத்திலும் அவருக்கு விவரம் தெரியும். புதிதாக வறுத்த காப்பி சில நாள்வரை கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். இறுக்கி ஒட்டிய பை உப்பிவிடும். வழியில் மேலே பாரம் விழுந்தால் பிரிந்துபோகும். ஒருவர் அப்படி உப்பிய பைகளோடு வந்தபோது, "வால்வு வைத்த பை வாங்குங்கள், இல்லையென்றால் வறுத்து இரண்டு நாள் ஆறவிட்டுக் கட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். இதைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

வால்யூம் வெயிட், அதாவது பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றும் கணக்கிலும் ஒளிவு மறைவு கிடையாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது ஓர் எடை. தராசு காட்டுவது இன்னோர் எடை. எது அதிகமோ அதற்குத்தான் பில். 40-க்கு 30-க்கு 30 பெட்டியில் மூன்று கிலோ தட்டை போட்டால் 7.2 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். பல கடைகளில் இதைச் சொல்லாமல் பில்லை நீட்டுவார்கள். இவர் டேப்பை எடுத்து நம் கண்முன்னே அளந்து, பெட்டியின் மேல்பக்கத்தை அறுத்து உயரத்தைக் குறைத்துக் கொடுப்பார்.

இப்போது அந்த "ஆனால்".

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒருவர் கொலுசு கொண்டுவந்தார். நகை எடுப்பதில்லை, தபால் நிலையத்தில் காப்பீடு செய்து அனுப்புங்கள் என்றார் கடைக்காரர். சரியான ஆலோசனைதான். அதைச் சொன்ன குரலில், எதிர்ப்புறம் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் அந்த மஞ்சள் பையில் வெள்ளி இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று. அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

பார்சல் எடுக்கப் போகிறவர்கள் பாடு இன்னும் மோசம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளே இருக்கும் பொருளின் பெயரையும் சில நிறுவனங்கள் அச்சிட்டுவிடுகின்றன. அது அவர் குற்றமில்லை. அதை ஏலம் விடுவது போலப் படிப்பது முழுக்க முழுக்க அவர் குற்றம். "முடி வளரும் எண்ணெய் யாருக்கு?" என்று கேட்டார் ஒரு நாள். கடையில் வழுக்கையோடு இருந்தவர் ஒரே ஒருவர். அத்தனை பேரும் அவரைப் பார்த்தோம். இன்னொரு நாள் ஓர் அம்மாவிடம், "அக்கா, பெண்ணின் ஜாதகம் திரும்பி வந்திருக்கிறது" என்றார். அந்த அம்மா கையெழுத்துப் போட்ட வேகத்தில் பேனா சீட்டைக் கிழித்தது. மலையிலிருந்து வந்த அக்கம்பக்கத்தார் நாலு பேராவது அப்போது கடையில் இருந்திருப்பார்கள். செய்தி பஸ் ஏறுவதற்கு வேறு என்ன வேண்டும்?

என் கதைக்கு வருகிறேன். நான் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மைதானத்தைச் சுற்றி ஓட முடியாமல் மூச்சு வாங்கிய பையன்களை நான் என்னென்ன சொல்லியிருப்பேன் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் இருவர் வரிசையில் நின்றிருந்த நேரம் பார்த்து, "சார், உங்கள் மூட்டுவலி பெல்ட் வந்துவிட்டது, பெரிய சைஸ்!" என்று முழங்கினார். இரண்டு பயல்களும் ஓடி வந்து எனக்கு ஸ்டூல் போட்டார்கள். அந்த மரியாதையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மாரியம்மன் கோயில் வாசலில்கூட "முட்டி இப்போது எப்படி இருக்கிறது சார்?" என்று விசாரிக்கிறார்கள்.

நேரில் கேட்டேன். அவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே நாளில் மூன்று முருகேசன்களுக்குப் பார்சல் வரும், பொருளைச் சொன்னால்தான் சரியான ஆள் எழுந்து வருவார் என்றார். போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் போதாதா என்றேன். யோசித்தார். அடுத்த வாரமே டோக்கன் முறை கொண்டுவந்தார். அட்டை வெட்டி, எண் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, அழகாகத்தான் செய்திருந்தார். டோக்கனை வாங்கிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். "பன்னிரண்டாம் நம்பர், சர்க்கரை பார்க்கும் மெஷின்!" என்றார். பன்னிரண்டு நான்தான்.

சத்தமாகப் பேசுவது குற்றமா, நல்ல மனிதர்தானே என்று என் மனைவி கேட்கிறாள். நல்ல மனிதர்தான். என் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டால் அன்றிரவு எனக்குக் கவலையில்லை. ஆனால் என் உடம்பில் என்ன கோளாறு என்று ஊருக்கு அறிவிக்கும் உரிமையை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். மாம்பழத்துக்கு ஒன்று, டேப்புக்கு ஒன்று. அதற்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

நண்பருக்கு: காப்பியையும் மிளகையும் யோசிக்காமல் அங்கேயே போடுங்கள். பின்கோடை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து எழுதுங்கள். ஊர்ப்பெயர் தெளிவாக இருந்தாலும் பின்கோடு தப்பினால் பெட்டி வேறு ஊரைச் சுற்றிவிட்டு வரும். வண்டி மாலையில் வந்து மூட்டைகளை அள்ளிக்கொண்டு போய்விடும், மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். உங்களுக்கு வரவேண்டியது எதுவானாலும், மருந்தாக இருந்தால் கண்டிப்பாக, என் வீட்டு முகவரியைக் கொடுங்கள்.