நாள்பட்டும் தேயாத மெட்டல் ஆல்பங்கள்: பாலக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கேட்பனுபவம்

ஒரு மெட்டல் ஆல்பத்தை எடைபோட முதல் வாரம் போதாது. முதல் வாரத்தில் எல்லாமே பெரிசாகத்தான் கேட்கும். மாசக்கணக்கில் ஓடவிட்ட பிறகுதான் எந்தப் பாட்டு நிற்கிறது, எந்தப் பாட்டு வந்ததும் கை தானாக அடுத்ததற்குப் போகிறது என்பது தெரியவரும். இங்கே எழுதியிருப்பது 2022 முதல் 2025 வரை வந்த ஆல்பங்களில் அப்படி நீண்ட நாள் ஓடியவற்றைப் பற்றி. கேட்ட சூழல்: கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து வீடுகளின் இரவு, பாலக்காடு–பொள்ளாச்சி பஸ், வாளையார் வழியாகக் கோவை போகும் ரயில்.

நம்ம பக்கத்துக் காதுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நெம்மாறை வல்லங்கி வேலைத் திருவிழாவுக்கும் ஊர்க் கோயில் உற்சவங்களுக்கும் போய் வளர்ந்தவர்களுக்குச் செண்டை மேளம் பழக்கம். நூறு பேர் அடித்தாலும் உருட்டி வாசிக்கும் உருட்டுச் செண்டை தனியாக, தாளம் பிடிக்கும் வீக்கன் செண்டை தனியாக, ஜால்ரா மாதிரியான இலைத்தாளம் தனியாகக் கேட்கும். அதே காதை மெட்டலுக்கும் வைத்தால், ஆல்பம் நிலைக்குமா என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கிதார் எவ்வளவு கனமாக இருந்தாலும் காலால் அடிக்கும் கிக் டிரம், கையால் அடிக்கும் ஸ்னேர் டிரம், பேஸ் கிதார் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கிறதா என்று பாருங்கள். பிரியாத ஆல்பம் காதைச் சீக்கிரம் களைக்க வைக்கும்.

காரணம் பெரும்பாலும் மாஸ்டரிங்கில், அதாவது பதிவை வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பில் இருக்கிறது. சத்தம் அதிகமாகத் தெரியவேண்டும் என்று மொத்த இசையையும் அழுத்தி மேலே தூக்கினால், டிரம் அடியின் முதல் நொடித்துளி மழுங்கிப்போகும். மெட்டாலிகாவின் 2008 ஆல்பமான ‘டெத் மேக்னெடிக்’ இந்தக் குறைக்காகவே பேர்போனது. இப்போது ஸ்பாட்டிஃபை போன்றவை எல்லா ஆல்பத்தையும் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்த அளவின் அலகு) என்ற ஒரே அளவுக்கு இறக்கித்தான் ஒலிக்கவிடுகின்றன. அதனால் அழுத்தியதன் லாபம் போய்விடுகிறது, மழுங்கல் மட்டும் மிஞ்சுகிறது.

இந்தக் கணக்கில் முதலிடம் பிளட் இன்கான்டேஷனின் ‘அப்சல்யூட் எல்ஸ்வேர்’. 2024 அக்டோபரில் வந்தது. அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்த டெத் மெட்டல் குழு, பெர்லினின் ஹன்ஸா ஸ்டூடியோவில் பதிவு செய்தது. மொத்தமே இரண்டு பாட்டு: ‘தி ஸ்டார்கேட்’, ‘தி மெசேஜ்’. ஒவ்வொன்றும் இருபது நிமிஷத்துக்கு மேல், மூன்று மூன்று பகுதிகள். வேகமான டெத் மெட்டல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரம் சட்டென்று இளகி, எழுபதுகளின் ப்ராக் ராக் மாதிரி கிதார் மிதக்கும். பின்னால் சிந்தசைசர் விரியும். ‘ஸ்டார்கேட்’டின் இரண்டாம் பகுதியில் டாஞ்சரின் ட்ரீம் குழுவின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் வாசித்திருக்கிறார். முதல் தடவை இது ஒட்டுப்போட்டதாகத் தோன்றலாம். நாள்பட நாள்பட அந்த மாற்றங்கள் வரும் இடத்துக்காகவே கேட்கத் தோன்றும். ஜெஃப் பாரெட்டின் பேஸ் கிதாரில் ஃபிரெட் என்ற குறுக்குக் கம்பிகள் இல்லாததால், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது மெதுவான பகுதிகளில் அவ்வளவு தெளிவு. 2022இல் இதே குழு முழுக்கச் சிந்தசைசரில் ‘டைம்வேவ் ஸீரோ’ போட்டபோது முகம் சுளித்தவர்கள், இதைக் கேட்டபின் அதையும் திரும்ப எடுத்துக் கேட்கலாம்.

இந்த ஆல்பத்துக்கு ஒரு செட்டிங் கட்டாயம். பகுதிகள் இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று ஓடுகின்றன. பாட்டுக் கேட்கும் ஆப்பில், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடை ஸீரோவில் வையுங்கள், இடைவெளி விடாமல் ஓட்டும் கேப்லெஸ் பிளேபேக்கை ஆன் செய்யுங்கள். கிராஸ்ஃபேட் ஐந்து நொடி இருந்தாலே, ஒரு பகுதியின் கடைசி ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரி) அடுத்ததன் முதல் அடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். ஷஃபிளில் இதைக் கேட்பது வீண்.

சுவீடன் மெட்டல் குழுவான மெஷூகாவின் ‘இம்யூட்டபிள்’ 2022 ஏப்ரலில் வந்தது. 13 பாட்டு, 66 நிமிஷம். பழகுவதற்கு இந்தப் பட்டியலிலேயே அதிக நாள் எடுப்பது இது. விட்டுவிட்டுப் போகிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: தாளம் பிடிபடவில்லை. பிடிக்க வழி இருக்கிறது. ரிஃப்பைப் பின்தொடராதீர்கள். டிரம்மர் தோமஸ் ஹாகேவின் வலது கை சிம்பலில் அடிப்பதை மட்டும் கேளுங்கள். அது பெரும்பாலும் நேரான நாலு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அதைக் காலால் தட்டிக்கொண்டே இருங்கள். கிக் டிரம்மும் கிதாரும் வேறு நீளத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். உதாரணமாக, நாலு அடிக்கு 16 மாத்திரை என்றால், ரிஃப் 17 மாத்திரையில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றும் ஒரு மாத்திரை தள்ளித் தொடங்கும். அப்படித் தள்ளித் தள்ளிப் போய், பெரும்பாலும் 8 அல்லது 16 பார் (நாலடிச் சுற்று) முடிகிற இடத்தில் ரிஃப்பை வெட்டி ஒன்றாம் அடிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த இறங்குமிடம் தெரிந்துவிட்டால் பாட்டு திறந்துவிட்டது.

பஞ்சாரி மேளத்தில் முதல் காலம் 96 அட்சரம், பிறகு 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகச் சுருங்கி வருவதை நின்று கேட்டவர்களுக்கு, நீண்ட சுற்றின் முடிவுக்காகக் காத்திருப்பது புதுசு இல்லை. மேளத்தில் கைவிரலை மடக்கி எண்ணும் அதே பழக்கம் இங்கே அப்படியே உதவும். ‘லைட் தி ஷார்ட்டனிங் ஃபியூஸ்’ பாட்டில் தொடங்குங்கள். ‘தே மூவ் பிலோ’ ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஓடும் பாடலற்ற இசை. அமைதியான கிதாரில் ஆரம்பிப்பதால் இரவுக்கு நல்லது. குறையும் சொல்லவேண்டும்: பின்பாதியில் இரண்டு மூன்று பாட்டு ஒரே வேகத்தில் போகின்றன. ஒரே மூச்சில் 66 நிமிஷமும் தேவையில்லை. ‘தே மூவ் பிலோ’வோடு நிறுத்தி, மீதியை வேறொரு நாள் கேட்டால் இரண்டு பாதிக்குமே நல்லது.

மெஷூகா வாசிக்கும் எட்டு நரம்புக் கிதாரின் அடி நரம்பு சுமார் 45 ஹெர்ட்ஸ் பக்கம் அதிரும். சாதாரணக் கிதாரின் அடி நரம்பு 82 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கருக்கு இந்த இரண்டுமே எட்டாது, மேல் சுரங்களை வைத்து மூளை ஊகிப்பதுதான். கையடக்க புளூடூத் ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேய்ந்துபோகும். மெஷூகாவை அதில் கேட்டு ‘தகர டப்பா’ என்று முடிவு கட்டாதீர்கள். காதுக்குள் இறுக்கமாக உட்காரும் இயர்போனே போதும், விலை அதிகம் போடவேண்டாம்.

இறுக்கம்தான் முக்கியம். சிலிக்கோன் டிப் ஒரு சுற்றுச் சின்னதாக இருந்தாலும் அடி ஒலி முழுக்கக் கசிந்துவிடும். பேஸ் இல்லை என்று ஈக்வலைசரில் ஏற்றுவதற்கு முன், இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் கிக் டிரம் வந்தால் டிப் அளவு தவறு. ஒரு காதுக்குப் பெரிசும் இன்னொன்றுக்கு நடுத்தரமும் தேவைப்படுவது சகஜம். அடுத்த தொல்லை, ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்து சிம்பல் மங்குவது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை மாசங்களில் ஈரமும் வியர்வையும் காதழுக்கும் சேர்ந்து முனையில் இருக்கும் வலையை அடைத்துவிடும். இடதை வலது காதில் மாற்றிப் போடுங்கள். மங்கல் இயர்போனோடு கூடவே வந்தால் அடைப்பு. டிப்பைக் கழற்றி, வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். மேல்நோக்கி வைத்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளே இறங்கும். டிப்பை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு மாட்டவும்.

ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரைச்சல் நீக்கும் ஏஎன்சியை ஆன் செய்தால், காற்று நேரே வெளி மைக்கில் மோதி ‘டபடப’ என்று ஒரு முழக்கம் காதுக்குள் வரும். இயர்போன் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். ஏஎன்சியை அணைத்தாலோ, காற்று படாத உள் இருக்கைக்கு மாறினாலோ நின்றுவிடும். இன்ஜின் இரைச்சல் பெரும்பாலும் கீழ் ஒலியில் இருப்பதால் பலரும் பேஸை ஏற்றுவார்கள். ஏற்ற ஏற்ற ஒலி சிதறும். அதற்குப் பதில் ஈக்வலைசரில் 250 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள். கிதாரின் கலங்கல் குறைந்து கிக் மேலே வரும். எந்தப் பட்டையை ஏற்றினாலும் ப்ரீஆம்பை (ஈக்வலைசரின் மொத்த அளவை) அதே அளவு இறக்குங்கள். மொத்த சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி. பஸ் இரைச்சலை ஜெயிக்கச் சத்தத்தைக் கூட்டுகிறவர்களுக்கு இந்த எல்லை வெகு சீக்கிரம் வந்துவிடும்.

ஓபெத் குழுவின் ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ வந்தது 2024 நவம்பரில். 2008இன் ‘வாட்டர்ஷெட்’டுக்குப் பிறகு பாடகர் மிக்கேல் ஒகர்ஃபெல்ட் ஆல்பத்தில் மறுபடி உறுமல் குரலில் பாடியது இதில்தான், அதனால் வந்த வாரத்தில் பேச்செல்லாம் குரலைப் பற்றியே. நாளான பிறகு அது பெரிய விஷயமாகப் படவில்லை. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் ஒரு பணக்காரக் குடும்பத் தலைவரின் உயில் வாசிக்கப்படுகிறது, வாசிக்க வாசிக்க ரகசியங்கள் அவிழ்கின்றன. பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது, ஒன்று முதல் ஏழு வரை பத்தி எண்கள்தான். கடைசிப் பாட்டுக்கு மட்டும் ‘எ ஸ்டோரி நெவர் டோல்ட்’ என்று பெயர் உண்டு, கதையின் முடிச்சும் அங்கேதான். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவையாவது கேளுங்கள், இல்லாவிட்டால் பாதி ஆல்பம் கிடைக்காது. ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் நாலாம் பத்தியில் புல்லாங்குழல் வாசித்திருக்கிறார், ஆங்காங்கே கதையும் சொல்கிறார். பஸ்ஸுக்கு இது வேண்டாம், சன்னமான இடங்கள் இரைச்சலில் காணாமல் போகும்.

பஸ்ஸுக்கென்றே பிறந்தது ஜூடாஸ் பிரீஸ்டின் ‘இன்வின்சிபிள் ஷீல்ட்’. 2024 மார்ச்சில் வந்தபோது பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு வயது 72. ‘பேனிக் அட்டாக்’ தொடக்கத்தில் 1986இன் ‘டர்போ’வை நினைவூட்டும் சிந்த் ஒலி கொஞ்ச நேரம், பிறகு ஸ்காட் டிராவிஸின் டிரம் விழுந்ததும் நிற்காத ஓட்டம். ஆண்டி ஸ்னீப்பின் தயாரிப்பு அடர்த்தியானது, அழுத்தமும் அதிகம்தான், ஆனால் மெட்டுகள் அவ்வளவு திடமாக இருப்பதால் அடிபடவில்லை. நாள்பட மேலேறியது ‘கிரவுன் ஆஃப் ஹார்ன்ஸ்’. முதலில் மெதுவான பாட்டாக ஒதுங்கியிருந்தது, இப்போது ஆல்பத்தின் நடுத்தூண். டீலக்ஸ் பதிப்பில் கூடுதலாக மூன்று பாட்டு இருக்கிறது, அதையே எடுங்கள்.

மெட்டாலிகாவின் ‘72 சீசன்ஸ்’ 2023 ஏப்ரலில் வந்தது. வாழ்க்கையின் முதல் 18 வருஷம், வருஷத்துக்கு நாலு பருவம், அதுதான் 72. பன்னிரண்டு பாட்டு, 77 நிமிஷம், நீளம்தான் இதன் பகை. நடுவில் ஒரே நடை வேகத்தில் பாட்டுகள் வரிசையாக வந்து சலிப்புத் தட்டும். ‘ஷேடோஸ் ஃபாலோ’, ‘லக்ஸ் எட்டெர்னா’, ‘ரூம் ஆஃப் மிரர்ஸ்’, ‘இனமோராட்டா’ நாலையும் ஒரு பிளேலிஸ்ட்டாகப் போட்டால் அருமையான அரை மணி நேரத்துக்குள் முடியும். ‘இனமோராட்டா’ 11 நிமிஷத்துக்கு மேல், இவர்கள் தாங்களே எழுதித் தங்கள் ஆல்பங்களில் போட்டதிலேயே நீளமான பாட்டு. நடுவில் கிதார்கள் ஒதுங்கி ட்ரூஹியோவின் பேஸ் முன்னால் நடக்கும் இடத்துக்கு மட்டுமே ஆல்பத்தை வைத்திருக்கலாம்.

பயணத்துக்கு எப்போதும் பாட்டுகளைப் போனில் இறக்கி (டவுன்லோட்) வைத்துக்கொள்வது நல்லது. ஸ்ட்ரீமிங் தரத்தை ஆட்டோவில் விட்டால் சிக்னல் தளரும்போது தரம் இறங்கும், முதலில் கெடுவது சிம்பல்தான், தண்ணீர் சலசலப்பு மாதிரி ஆகிவிடும். 320 கேபிபிஎஸ்ஸில் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 2.4 எம்பி, ஆக 77 நிமிஷத்துக்கு 185 எம்பி போதும். தரம் குறையாத ஃப்ளாக் ஃபைல் என்றால் ஏறக்குறைய மூன்று மடங்கு. பஸ்ஸில் இரண்டுக்கும் வித்தியாசம் கேட்காது.

நம் நாட்டுக் குழுக்களில் பெங்களூரின் கிரிப்டோஸ் 2024இல் போட்ட ‘டெசிமேட்டர்’, எண்பதுகளின் நேரான ஹெவி மெட்டல், வஞ்சகமில்லாத ரிஃப்கள். டெல்லியின் பிளடிவுட் 2025 மார்ச்சில் கொண்டுவந்த ‘நூ டெல்லி’ எட்டே பாட்டு. தோல் மேளமும் தாழ்த்திய கிதாரும் ஒரே அடியில் விழும் இடங்கள் ஸ்பீக்கரில் பிரமாதம். பேபிமெட்டலோடு சேர்ந்த ‘பேகௌஃப்’ முதலில் பிடித்து, பிறகு கொஞ்சம் தளர்ந்தது. மற்றவை இன்னும் நிற்கின்றன. பழையதுதான் என்றாலும் கண்ணூரின் தி டவுன் ட்ராடன்ஸ் 2014இல் வெளியிட்ட ‘ஹவ் ஆர் யூ? வீ ஆர் ஃபைன், தேங்க் யூ’ ஆல்பத்தையும் இறக்கி மெஷூகாவுக்கு அடுத்ததாக வையுங்கள். வடகேரளத்துத் தெய்யத்தின் வாசனை ஏறிய குரூவ் மெட்டல். அடித்தாளத்தைக் காலில் வைத்துக்கொண்டு கேட்கும் அந்தப் பழக்கம் இதற்கும் பொருந்தும்.