வயிற்றில் நீர், சிஏ-125 அதிகம்: கேன்சர் என்று கையெழுத்துப் போடும் முன்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் நம் ஆட்கள், முக்கியமாக வயசுப் பெண்கள் உள்ள வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

என் அக்கா மகளுக்கு 22 வயது. சாயங்காலமானால் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை. கை கால் குச்சியாகிவிட்டது, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருக்கிறதே என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை 35-க்குள் இருக்க வேண்டியது, 500-ஐத் தாண்டியிருந்தது. ஸ்கேனில் வயிறு நிறைய நீர், குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புச் சவ்வில் தடிப்பு, சூலகத்தை ஒட்டி ஒரு கட்டி. பெண்கள் நல மருத்துவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் சொல்லிவிட்டார்: சூலகப் புற்றுநோய், முற்றிய நிலை, உடனே ஆபரேஷன். "டிபியா இருக்குமா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே என்று வாயை அடைத்துவிட்டார். வயிற்று டிபி உள்ளவர்களில் நிறையப் பேருக்கு நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாகத்தான் இருக்கும். அது ஒரு பதிலா? இந்த நாட்டில் டிபிக்கா பஞ்சம்!

வயிற்றைக் கிழித்து, ஒரு சூலகத்தையும் குழாயையும் எடுத்துவிட்டார்கள். திசு ரிப்போர்ட் வந்தது: காசநோய்க் கட்டிகள், புற்றுநோய் இல்லை. "சந்தோஷப்படுங்க, கேன்சர் இல்ல" என்றார். பில் மட்டும் கேன்சர் ஆபரேஷனுக்கு உண்டான பில்.

பிறகு ஃபைல் நகல் கேட்டு வாங்கினோம். ஆபரேஷனுக்கு முன்பே வயிற்று நீரை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். புற்றுநோய்ச் செல்கள் இல்லை, டிபியில் கூடும் லிம்போசைட் என்ற வெள்ளையணு அதிகம் என்று தாளின் அடியில் தெளிவாக இருக்கிறது. யாரும் எங்களிடம் மூச்சு விடவில்லை. அந்த ஒரு வரியால் கேன்சர் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, உண்மைதான். ஆனால் கத்தி எடுக்கும் முன் யோசிக்க வைத்திருக்க வேண்டாமா? அதே நீரில் ஏடிஏ என்ற நொதியின் அளவு பார்த்திருக்கலாம். வயிற்று டிபியில் அது ஏறும். டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் அனுப்பியிருக்கலாம். ஆனால் வயிற்று நீரில் அது பலமுறை கிருமியைத் தவறவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வர வாரக்கணக்காகும். அதனால் லாப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை போட்டு கேமராவை உள்ளே விட்டு, துணுக்குச் சதை எடுத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

சிஏ-125 கேன்சருக்கு மட்டும் ஏறுவதில்லை. வயிற்று உள்சவ்வு எதனால் புண்பட்டாலும் ஏறும். டிபி, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), மாதவிலக்கு நாட்களில்கூட. இருபது வயதில் சூலகக் கேன்சர் வந்தால் பெரும்பாலும் வேறு வகை. அதற்கு ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்ற ரத்தப் பரிசோதனைகள் பார்க்க வேண்டும். எங்களுக்கு அதுவும் எழுதித் தரவில்லை. சதை ரிப்போர்ட் கேன்சர் என்று சொன்னால் தயங்காமல் சிகிச்சைக்குப் போங்கள், நான் ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது அரசு கிளினிக்கில் இலவச மாத்திரை. முதல் 2 மாதம் நாலு மருந்து, அடுத்த 4 மாதம் இரண்டு. எச்ஐவி சோதனையும் எடுப்பார்கள். டிபி என்றால் இங்கே எல்லோருக்கும் எடுப்பது, முகம் சுளிக்காதீர்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதென்று பிள்ளை அலறிக்கொண்டு போன் செய்தாள். "பயப்படாதேடி, அது மாத்திரைச் சாயம்" என்றேன். வயிறு வற்றிவிட்டது, மறுபடி ரசம் சோறு கேட்டுச் சாப்பிடுகிறாள்.

மருத்துவர்களைக் கண்காணிக்கும் மன்றத்துக்குப் புகார் எழுதி, அந்த நீர் ரிப்போர்ட்டைத்தான் முதல் பக்கமாக வைத்து அனுப்பியிருக்கிறோம்.